மொட்டைமாடியில் வெள்ளைக் காளான்

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளிடம் நேரம் கேட்டு, கீழே சுவரில் தொங்கும் கடிகாரத்துக்குச் சொல்வது என் தொழில். அதற்கு மாடியில் காளான் மாதிரி ஒரு வெள்ளை ஜி.பி.எஸ். ஆண்டனா வைக்க வேண்டும். மொட்டைமாடி வெயிலில் வெந்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

உச்சியில்தான் வேண்டும்

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை. மேனேஜர் இடிதாங்கிக் கம்பியைக் காட்டி, "அது உச்சியில கட்டும்மா, சிக்னல் அள்ளும்" என்றார்.

"சார், இடி விழுந்தா வாங்கிக்கறதுக்குன்னே வெச்ச கம்பி அது. ஆண்டனாவும் சேர்ந்து வாங்கும்" என்றேன். உயரம் முக்கியமில்லை, சுற்றிலும் வானம் மறைக்காமல் தெரிந்தால் போதும். கம்பி முனைக்கு நன்றாகக் கீழே, கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரிம்மா, கீழேயே வை. ஜி.எம். கேட்டா மட்டும் உச்சியில இருக்குன்னு சொல்லிடு."

குண்டான்

அயனம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே மணி அடிப்பதே எங்கள் கடிகாரம்தான். மழை பிடித்த வாரம், சிக்னல் இல்லை என்று போன் வந்தது. கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதோ என்று பயந்துகொண்டே ஏணியில் ஏறினேன். ஆண்டனாவைக் காணோம்! அந்த இடத்தில் ஒரு அலுமினியக் குண்டான் கவிழ்ந்திருந்தது, மேலே செங்கல் வேறு. தூக்கினால் உள்ளே ஆண்டனா பத்திரமாக இருந்தது. ஐந்தே நிமிடத்தில் சிக்னல் வந்துவிட்டது.

கேன்டீன் சமையல்கார அம்மாவிடம் கேட்டால், அவர் என்னை முறைத்தார்: "மழையில நனைஞ்சிகினே கீதேன்னு கவுத்தேன். இதுக்கு ஒரு குடைகூட வாங்கித் தராம வுட்டுட்டு, என்னாண்ட கேள்வி கேக்கறியா?"

பத்தே நிமிஷம்

சென்னீர்குப்பத்தில் ஒரு கிடங்கு. மாடிச் சாவி வைத்திருந்த வாட்ச்மேன் அண்ணனைத் தேடிப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. ஆண்டனா வைத்து, கேபிளை இறக்கி, கடிகாரத்திலும் மாட்டிவிட்டேன். கேபிள் வழியாக மின்னல் உள்ளே வராமல் மண்ணுக்குத் திருப்பும் பாதுகாப்புக் கருவியை எர்த் கம்பியோடு இணைப்பதுதான் பாக்கி. வானம் கறுத்தது. "பத்தே நிமிஷம்ணா" என்றேன். வாட்ச்மேன் அண்ணன் கேட்கவில்லை. ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கீழே இறக்கினார். இறங்கின கையோடு கடிகாரத்திலிருந்து கேபிளைக் கழற்றித் தள்ளிப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாடி இடிதாங்கியிலேயே இடி விழுந்தது. ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் டீயை நீட்டினார்: "உன் கடியாரம் கரீட்டா டைம் சொல்லும் மேடம். எப்ப எறங்கணும்னு நான்தான் சொல்லணும்."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, செயற்கைக்கோளைப் பிடிப்பது சுலபம், மாடிச் சாவி வைத்திருப்பவரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.