முந்திய பெயர்

ஒரு மரப்பாசிக்கு, படித்தவர்கள் லைக்கன் என்பார்கள், என் பெயரை வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டெடுத்தவள் என் அக்கா. நான் பொய் சொல்லி வாங்கிக்கொண்ட பெயர் அது.

ஜவ்வாது மலையில் நாங்கள் கடுக்காய் பொறுக்கும் குடும்பம். எனக்குப் பத்து வயது. அக்கா இரண்டு வயது மூத்தவள். உச்சிக்கிளைவரை ஏறி உலுக்குவது அவள் வேலை. ஒருநாள் மேலிருந்து, "இதப் பாருடா, மஞ்சக் கரை வச்ச பாசி. இந்த மாதிரி எங்கியும் பாத்ததில்ல" என்று பட்டையோடு பெயர்த்துப் போட்டாள்.

சென்னையிலிருந்து வந்த தாவரவியல் பேராசிரியர் ஒருவர் அப்போது பாசிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கொண்டுபோனோம். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதக் கண்டுபிடிச்ச கண்ணு படிக்கணும். போளூர் ஹாஸ்டல்ல நானே சேத்துவிடறேன். யார் எடுத்தது?"

"நான்தான் சார்."

பின்னால் மூட்டையோடு நின்ற அக்கா வாயைத் திறந்தாள். அவள் காலை அழுத்தி மிதித்தேன்.

திரும்பும் வழியில், "இன்னாத்துக்குடா பொய் சொன்ன?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். கொஞ்ச தூரம் நடந்தபின், "சரி, போய்ப் படி. அப்பால அவருகிட்ட எம்பேரச் சொல்லிடு" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. பேராசிரியர் அதைப் புதிய சிற்றினமாக அறிவித்து, அதன் லத்தீன் பெயரில் என் பெயரைச் சேர்த்தார். அவர் காலில் விழுந்து வணங்கினேன். அவருடைய துறையிலேயே படித்து வேலைக்கும் போனேன். அக்கா மூட்டை தூக்கியே முதுகு வளைந்தாள்.

அவர் காலமாகி, நானும் ஓய்வுபெற்ற பிறகுதான் உண்மையை எழுதி, பெயரை மாற்றும்படி ஆய்விதழைக் கேட்டேன். முறைப்படி வெளியான பெயர், வைத்த காரணம் பொய் என்பதற்காக மாறாது என்று பதில் வந்தது. வருடக்கணக்காக மாணவர்களுக்கு நானே நடத்திய விதி.

அதனால் அதே மலையில் வேறொன்றைத் தேடினேன். கிடைத்தது. அதே குடும்பம், அதே பேரினம். கரை மட்டும் வெளுத்திருந்தது. தனிச் சிற்றினம் என்று விவரித்து, அக்காவின் பெயரை வைத்தேன். அச்சான தாளை அவள் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

சென்ற ஆண்டு இளம் ஆய்வாளர்கள் இரண்டின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான். நிழலில் வளர்ந்தது வெளுத்திருக்கிறது, அவ்வளவே. ஒன்றுக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்திய பெயரே நிற்கும். அக்காவின் பெயர் இனி என் பெயருக்குக் கீழே, செல்லாத பெயராக, சிறிய எழுத்தில்.

நேரில் போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இன்னும் எங்கால்மேலதான் நின்னுகினு கீற, இல்லடா?"

காலை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்றுதான் அந்தப் பத்து வயதில் நினைத்திருந்தேன்.