எலி தின்னாத காலண்டர் தாள்கள்

என் தங்கச்சி பிறந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அம்மா களையெடுக்கப் போக வேண்டும், தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டும். அதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. தங்கச்சி படித்தாள், படித்துக்கொண்டே போனாள். ஒரு வேளாண்மைக் கல்லூரியில் மண்ணையும் தண்ணீரையும் பற்றிப் பாடம் சொல்லும் பேராசிரியை ஆனாள். எனக்கு அதில் பெருமை என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விசேஷ வீடுகளில் அவளுக்கு நாற்காலி போடுவார்கள், என்னை அடுப்படிக்கு அனுப்புவார்கள். அப்போதெல்லாம் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருக்கும். வெளியில் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாயே வராது.

எனக்கு அரை ஏக்கர் திராட்சைப் பந்தல், அதில் ஒரு கிணறு. மலையிலிருந்து லோயர் கேம்பில் இறங்கும் அணைத் தண்ணீர்தான் எங்கள் ஊர் வாய்க்காலிலும் வருகிறது. என் தோட்டத்துக்கு அதில் பாய்ச்சல் உரிமை கிடையாது. ஆனால் வாய்க்காலின் மண் குடிக்கிற தண்ணீர், நாலு வரப்பு தள்ளி என் கிணற்றில் ஊறும். தண்ணீர் வரும் முதல் நாள் பெண்களெல்லாம் மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நான் நேரே கிணற்றுக்கு வருவேன். எத்தனை படிக்கல் வெளியே தெரிகிறது என்று எண்ணி, அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதி, கம்பியில் குத்தி வைப்பேன். பிறகு தண்ணீர் ஒரு படி ஏறினாலும் ஒரு தாள், இறங்கினாலும் ஒரு தாள். எழுத்து மறந்துபோகக் கூடாதே என்று தொடங்கியது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன வருஷம் வாய்க்காலின் தரையிலும் கரையிலும் சிமெண்ட் போடப் போகிறார்கள் என்று சேதி வந்தது. கசிந்து போகிற தண்ணீர் மிச்சமாகும், கடைமடைக்குப் போய்ச் சேரும் என்றார்கள். மண் குடிக்காவிட்டால் என் கிணறு செத்துப்போகும். கிணறு போனால் பந்தல் போகும். என்னைப் போல வாய்க்காலை ஒட்டி இன்னும் பலர். கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று நாள் குறித்தார்கள்.

விவசாயச் சங்கத் தலைவர் எனக்குக் கொழுந்தன் முறை. வீட்டுக்கு வந்தார்.

"மதினி, உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்க. நாம கத்துனா காக்கா கத்துன மாதிரி. அவுக ஒரு வார்த்தை சொன்னாகன்னா ஆபீசரு எழுதிக்கிருவாரு."

"அவளுக்கு லீவு கிடைக்காது" என்றேன்.

"தண்ணியப் பத்திப் படிச்சவுகளுக்குத் தண்ணியப் பத்திப் பேச லீவு இல்லையா? பின்ன எதுக்கு அம்புட்டுப் படிப்பு, ஊறுகா போடவா?"

அவரே அவளுக்குப் போன் போட்டார். கூட்டத்துக்கு முதல் நாள் தங்கச்சி வந்து இறங்கினாள். நான் வெங்காயம் உரிக்க, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு ஒன்னும் ஓடல. கவர்மெண்ட் திட்டத்தப் பத்தி யாரும் வெளிய பேசக்கூடாதுன்னு காலேஜ்ல சர்க்குலர் வந்திருக்கு. நான் பேசுனா காலேஜே பேசுன மாதிரி ஆயிருமாம்."

"அப்பப் பேசாத."

"எனக்கு ரிட்டயராக நாலு மாசந்தான் இருக்கு, அதுகூடப் பரவால்ல. பயம் வேற. பெரிய படிப்புக்காரி சொல்லிட்டான்னு இவுக அப்படியே எடுத்துக்கிருவாக. நான் சொல்றது தப்பாப் போச்சுன்னா கடைமடைக்காரன் வயிறு காயும். கையில கணக்கு இல்லாம வாயத் திறக்கக் கூடாதுக்கா. நீ கிணத்துப் படிய எழுதி வச்சிருக்கயாமே, அதக் குடேன். அது இருந்தா தைரியமாப் பேசுவேன்."

தாள்கள் எங்கள் தலைக்கு மேலே, பரணில் இருந்தன. என் படிக்கல், என் எழுத்து. அதை அவள் கண்ணாடி போட்டு வாசிப்பாள், மண்டபம் கைதட்டும். எனக்கு அது பொறுக்கவில்லை.

"எலி தின்னுருச்சு ஆத்தா" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான்."

மறுநாள் அவள் பேசத்தான் செய்தாள். தரையில் சிமெண்ட் போட்டால் கரையோரக் கிணறுகள் வற்றும், போடும் முன்னால் அளந்து பாருங்கள் என்றாள். கூட்டத்தை நடத்திய என்ஜினியர் மரியாதையாகவே கேட்டார்: "மேடம், இதுக்கு ஏதாவது பதிவு இருக்கா?" இவள் திரும்பி என்னைக் காட்டினாள். "எங்கக்கா இருபது வருஷமாப் பாத்திருக்கு." மண்டபமே திரும்பியது. "சொல்லுங்கம்மா" என்றார் அவர். நான் சேலைத் தலைப்பின் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தங்கச்சி மெதுவாக உட்கார்ந்தாள். சிமெண்ட் வேலை தீர்மானம் ஆனது.

பத்து நாளில் அவளுக்குக் கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. போனில் சொன்னாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவள் பேசினால் கடிதம் போட்டுக் கேட்க ஒரு கல்லூரி இருக்கிறது, நான் பேசியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? தண்டனையில்கூட அவள்மேல் எனக்குப் பொறாமை.

வாய்க்கால் கரையில் ஜல்லி வந்து கொட்டிய அன்று கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, பரணில் ஏறித் தாள்களை எடுத்துக்கொண்டு பாசன அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க் புரட்டிப் பார்த்தார்.

"யாரும்மா எழுதுனது?"

"நாந்தான்."

"என்ன படிச்சிருக்கீக?"

"அஞ்சு."

"இத நான் மேல அனுப்ப முடியாதும்மா. விஷயம் தெரிஞ்சவுக யாராவது பாத்துக் கையெழுத்துப் போட்டா அனுப்பலாம்."

அங்கிருந்து அப்படியே தேனி பஸ்ஸில் ஏறி, தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றேன். தாள்களைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"எலி தின்னுச்சுன்ன?"

"எலி இல்ல. நாந்தான்."

"எதுக்குக்கா?"

"நீ வாசிச்சா உனக்குக் கை தட்டுவாக."

"அடிப்பாவி!" என்றாள். எனக்குச் சோறுகூடப் போடவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து தாள்களை வரிசைப்படுத்தி, வாய்க்கால் திறந்த தேதிகளோடு சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் வந்து எட்டு ஒன்பது நாளில் கிணறு ஏறுவது எல்லா வருஷமும் அதில் தெரிந்தது. கையெழுத்துப் போட்டால் இரண்டாவது கடிதம் வரும் என்று அவளுக்குத் தெரியும். போட்டு அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து என்ஜினியர் போன் செய்தார், அவளுக்கு. எங்கள் ஊர் எல்லை வரைக்கும் கரைக்கு மட்டும் சிமெண்ட், தரை மண்ணாகவே இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. தலைவர் பூந்தியோடு வந்தார்.

"தங்கச்சி சாதிச்சுட்டாக மதினி!"

"எழுதுனது நானு" என்றேன். அவரிடம் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

"ஆமாமா, நீங்களும் கூடமாட இருந்திருக்கீக" என்று பூந்தியை நீட்டினார்.

கிணறு பிழைத்தது. ஆனால் அந்தப் பூந்தியை நான் வாயில் வைக்கவில்லை.

தங்கச்சி ஓய்வு பெற்ற நாளில் கல்லூரியில் விழா வைக்கவில்லை. "யாரும் மாலை போடலக்கா. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், அங்கன வரவா?" என்று போனில் கேட்டாள். மாலை இல்லை என்றதும் முதலில் எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வா என்று சொல்லிவிட்டு ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டேன்.

சாப்பிடும்போது சொன்னாள்: "பக்கத்து ஊர்ல கூப்பிடுறாக. அங்கயும் தரைக்குச் சிமெண்ட் போடப் போறாகளாம். போய்ப் பேசப் போறேன், இனி யாரையும் கேக்க வேண்டியதில்ல. நீயும் வாக்கா."

"நான் வரல. நீ பேசு. தெரிஞ்சவ பேசாம இருந்தா யாரு பேசுறது? ஆனா தாளு யாரு எழுதுனதுன்னு மொதல்ல சொல்லிட்டுப் பேசு."

"சரி, சொல்றேன்."

"மைக்குல சொல்லணும்."