கரமனைப் பாலத்தருகே இடம் மாறினோம்

எண்பதுகளின் ஆரம்பத்தில் பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் ஆங்கில மோட்டார் பத்திரிகைக்கு நான் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குச் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. சமதரையில், எதிரே பெரிதாக எதுவும் வராவிட்டால், ஓட்டுவேன். மற்றதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. எஞ்சின், கியர், ஸ்பிரிங் பற்றி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். ஆபீஸில் யார் பழைய கார் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

என் மனைவி பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே ஹெட் கிளார்க். பதினாறு வயதிலேயே எஸ்டேட் ஜீப்பை மழையில், மண் சரிந்த பாதையில், ஓட்டியவள். லைசென்ஸும் வைத்திருந்தாள். கல்யாணமாகி ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கு வந்தபின் அந்த லைசென்ஸ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கோயமுத்தூர்க்காரர் ஒருவர் தம்பானூரில் பம்ப்செட் கடை வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கடை பிழைப்புக்கு, உயிர் கார் ரேலி ஓட்டத்தில். ஊரில் எல்லாரும் வைத்திருந்த அதே சின்னக் காரை வாங்கி, பிரித்து, தன் கையாலேயே ரேலிக்குத் தகுந்த மாதிரி ஆக்கியிருந்தார். அடியில் இரும்புத் தகடு, உள்ளே வண்டி உருண்டாலும் நசுங்காமலிருக்கக் குழாய்க் கூண்டு, பின் சீட்டே கிடையாது, இரண்டு கார்புரேட்டர். சிவப்பு வண்டி. அது சில பந்தயங்களில் நன்றாக ஓடவே அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதே எஞ்சினைக் கொஞ்சம் அடக்கி, ஸ்பிரிங்கை இளக்கி, பின் சீட்டைத் திரும்பப் போட்டு, குடும்பஸ்தர்கள் தினமும் ஓட்டுகிற மாதிரி இன்னொன்று செய்தார். அது வெள்ளை. அந்த மாதிரிப் பத்து வண்டியாவது செய்து விற்க ஆசை.

என்னைத் தேடி ஆபீஸுக்கே வந்தார். "ஏனுங்க சார், ரெண்டு வண்டியும் ஒரு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும். ஓட்டிப் பாருங்க. தினப்படி ரோட்டுக்கு எது தோதுன்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க. என் வண்டியாச்சேன்னு பாக்க வேண்டாம்."

சரி என்றேன். செக்‌ஷனில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறென்ன சொல்வேன்?

இரண்டு வண்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வந்து நின்றன. அன்று மத்தியானமே சிவப்பை எடுத்தேன். கிளட்ச் கல்லாக இருந்தது. காலை எடுத்ததும் வண்டி துள்ளி நின்றுவிட்டது. மறுபடி எடுத்தேன், மறுபடி நின்றது. மூன்றாம் முறை அது கிளம்பிய வேகத்தில் குளத்துப் படியைப் பார்த்துப் போயிற்று. பிரேக்கை மிதித்தேன். பிடிக்கிற மாதிரியே இல்லை. ஒருவழியாக நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தேன்.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். "நான் வேணா எடுத்துப் பாக்கட்டுமா?" என்றாள்.

"தெருவுல பாத்தா என்ன சொல்லுவா?"

"அப்போ தெரு தாண்டினப்புறம்."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, எங்கள் தெரு வழியே, சிவப்பை நான்தான் ஓட்டினேன். முதல் கியரிலேயே, எஞ்சின் கதறக் கதற. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் ஓட்டினேன். கரமனைப் பாலத்துக்கு முன்னால் ஒரு மாமரத்தடியில் நிறுத்தி இறங்கினேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங் பக்கம் ஏறினாள். செருப்பைக் கழற்றி என் காலடியில் போட்டாள்.

அவள் கையில் அந்த வண்டி வேறு வண்டியாகிவிட்டது. முதல் ஐந்து நிமிஷம் எதுவும் செய்யாமல் மெதுவாகப் போனாள். இடையிடையே பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து விட்டாள். "ஆறி இருக்கும்போது இந்த பிரேக் பிடிக்காது, கேட்டேளா? நாலு தரம் மிதிச்சு சூடானப்புறம்தான் கேக்கறது. பந்தயத்துல அது எப்பவும் சூடாவே இருக்கும், சரி. ஆத்துலேர்ந்து கறிகாய் வாங்கக் கிளம்பறவா என்ன பண்ணுவா?"

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஐந்து நாள், சிவப்பையும் வெள்ளையையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு, அப்படிப் போனோம். லீவு போட்டிருந்தேன். ஒரு நாள் விழிஞ்ஞம் வரை, கடலோரத்து உடைந்த ரோட்டில். ஒரு நாள் வேண்டுமென்றே தம்பானூரில், எக்ஸ்பிரஸ் பஸ்கள் வெளியே வருகிற நேரத்தில். சிவப்பு நின்று நின்று நகர்ந்ததில் எஞ்சின் கொதித்துவிட்டது. கிளட்சை மிதித்து மிதித்து அவள் இடது கால் நடுங்கிற்று. வெள்ளை அதே கூட்டத்தில் பசு மாதிரி நின்றது. வெள்ளையின் பின் சீட்டில் என்னை உட்காரவைத்து, மடியில் தண்ணீர் நிறைத்த கூஜாவைக் கொடுத்து, மூடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மேடு பள்ளத்தில் எங்கே சிந்துகிறது, எவ்வளவு சிந்துகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். என் வேட்டி நனைந்ததைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசி நாள் பொன்முடி மலை. கொண்டை ஊசி வளைவுகளில் சிவப்பை அவள் ஏற்றிய விதத்தை எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. வளைவுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவாள். வளைவுக்குள் வண்டி தானாகத் திரும்புவது போலிருக்கும். நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். மேலே நிறுத்தியதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இது ஓட்டறவாளுக்காகப் பண்ணின வண்டி. அந்த வெள்ளை, கூட உக்காந்திருக்கறவாளையும் நினைச்சுப் பண்ணினது. அதுலயும் இதே பிரேக்தான், அதை மட்டும் மாத்திட்டா தினம் ஓட்ட அதுதான் சரி."

அதையும் எழுதிக்கொண்டேன்.

திரும்பும்போது கரமனையில் மறுபடி இடம் மாறினோம். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து நாளும் அதே மரத்தடியில் அப்படித்தான்.

இரண்டு மாதத்தில் கட்டுரை வந்தது. என் பெயரில்தான். 'நான் பிரேக்கை நான்கு முறை மிதித்தேன்', 'என் இடது கால் நடுங்கியது', எல்லாம் நான், நான். அவள் பொன்முடியில் சொன்ன அந்த இரண்டு வரியை ஆங்கிலத்தில் கடைசிப் பத்தியாகப் போட்டிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஆபீஸில் அந்தப் பக்கம் கை மாறிக் கை மாறிச் சுற்றியது. அவளிடம் காட்டினேன். கையில் வாங்கி, அடுக்களை வெளிச்சத்தில் நின்றபடியே கடைசி வரை படித்தாள். "நன்னா வந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர்க்காரர் ஒரு பெட்டி மைசூர்பாகுடன் வீட்டுக்கே வந்துவிட்டார். ஏக சந்தோஷம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசினார்.

"சார், பிரேக் விஷயம் எனக்கே உறைக்கலீங்க. மாத்தியாச்சு. அது இருக்கட்டும். பொன்முடில அந்த மேல் வளைவு இருக்குதுங்களே, மூணாவது கியர்லயா ஏத்துனீங்க, ரெண்டாவதுலயா?"

"மூணாவது" என்றேன்.

"மூணாவதுலயா! எப்பிடிங்க சார்?" அவர் கண்கள் விரிந்தன.

காபி டம்ளரை வைத்துக்கொண்டிருந்த என் மனைவி, நிமிராமலே, "ரெண்டாவது" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? நீ உள்ளே போ" என்றேன்.

அவர் சிரித்தார். அவள் உள்ளே போனாள். ஆனால் அடுக்களை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். அடுத்த மாதம் மலைப்பாதையில் ஒரு ரேலி. கூட ஓட்டுகிறவருக்குக் கை முறிந்துவிட்டது. "ஒரு நாள் ஓட்டம் நீங்க எடுத்துக்கணும் சார். வளைவைப் பத்தி இப்பிடி எழுதறவரு ஓட்டாம வேற யாரு ஓட்டறது?"

லீவு இல்லை என்று சொல்லியிருக்கலாம். முதுகுவலி என்று சொல்லியிருக்கலாம். உண்மையையே சொல்லியிருக்கலாம், அவள் நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது இதுதான்:

"எனக்கு ஆசைதான். ஆனா இவளுக்கு ரொம்ப பயம். கார்ல வேகமாப் போனாலே கண்ணை மூடிப்பா. விடவே மாட்டா."

அவர் வாசற்படிப் பக்கம் திரும்பினார். கனிவான மனிதர். குழந்தையிடம் பேசுவது போலச் சொன்னார்: "ஏனுங்க்கா, எதுக்குங்க பயம்? பெல்ட் இருக்குது, கூண்டு இருக்குது. சாருக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஒரு நாள் விட்டுக்குடுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரமில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆமாம். நேக்கு பயம்தான்."

அவர் எழுந்து கைகூப்பிவிட்டுப் போனார். எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

அன்று முழுக்க அவள் வழக்கம்போல் எல்லா வேலையும் செய்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாள் காலை காபி குடிக்கும்போது, "மன்னிச்சுக்கோ" என்றேன்.

"எதுக்கு? எழுதினதுக்கா, பயம்னு சொன்னதுக்கா?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எழுதினது சாரமில்லை, போகட்டும். நேக்கு அப்படி எழுத வராது. பயம்னு ஏன் சொன்னேள்? எங்கப்பா காதுல விழுந்திருந்தா அழுதிருப்பார்." சொல்லிவிட்டு என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் நான் மூன்று முறை அந்தப் பம்ப்செட் கடைக்குப் போனேன். இரண்டு முறை வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். "ஓட்டினது நான் இல்லை. என் மனைவி. அஞ்சு நாளும் அவதான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அக்காவுக்குக் கோபமுங்களா? சமாதானம் பண்ண இப்பிடி ஒரு வழியா? நல்ல மனுசனுங்க சார் நீங்க!" கடைப் பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார்.

நம்பவில்லை. நான் இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வாருங்கள், சாவியை அவளிடம் கொடுங்கள், பார்க்கலாம் என்று ஒரு வாக்கியம் போதும். டீ வந்தது. குடித்தேன். அவர் ரேலிக்கு வேறு ஆள் கிடைத்ததைச் சொன்னார், கேட்டுக்கொண்டேன். உண்மையைச் சொல்லியாயிற்று, அவர் நம்பாததற்கு நான் என்ன செய்வேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். பொய் சொன்னதைவிட அந்த டீயை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. கடைக்குப் போய்வந்ததை அவளிடம் சொல்லவும் இல்லை.

அவர் நாலைந்து வெள்ளை வண்டிகள் செய்து விற்றார். பிறகு கடையை மூடிவிட்டுக் கோயமுத்தூருக்கே போய்விட்டார். பத்திரிகையிலிருந்து இன்னும் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு எழுதச் சொல்லிக் கடிதம் வந்தது. வேலை அதிகம் என்று பதில் போட்டேன். அதன்பின் எழுதவில்லை.

சில வருஷம் கழித்து, இதற்கெல்லாம் பின் பிறந்த எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், ஆபீஸில் கடன் போட்டு ஒரு பழைய கார் வாங்கினோம். சாதாரண வண்டிதான். விற்றவர் அதைத் தெருமுனையில் நிறுத்திச் சாவியை என்னிடம் நீட்டினார். நான் அவளைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டாள். பகல் பதினொரு மணி. இரண்டு பக்கமும் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. தெரு நடுவே மெதுவாக ஓட்டிவந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொல்லப்போகிறார்களோ என்று காத்திருந்தேன்.

எதிர்வீட்டு மாமா வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அவளிடம் சொன்னார்: "கொஞ்சம் சுவரோட ஒட்டி நிறுத்திக்கோ அம்மா, கேஸ் வண்டி வரணும்."

அவள் ரிவர்ஸ் எடுத்து ஒட்டி நிறுத்தினாள். மாமா உள்ளே போய்விட்டார். வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தெரு என்ன சொல்லும் என்று அத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். தெருவைக் கேட்டுப் பார்த்ததே இல்லை.