பாம்புக்கு இரண்டாவது எலி

மகன் லீட்ஸுக்குப் படிக்கப் போனபோது தன் குட்டி மலைப்பாம்பை என்னிடம் விட்டுப்போனான். லண்டன், செவன் கிங்ஸ் வீட்டில் இப்போது நானும் அதுவும்தான்.

நேற்று, விழுங்கிய எலியைக் கக்கிவிட்டது. இன்று காலையும் கக்கியது. பயந்துபோய், பாம்பும் ஓணானும் விற்கும் கடைக்குப் போனேன். நல்ல காலம், அங்கே வேலை செய்கிற பிள்ளை தமிழ். இரண்டு தரம் கக்கியதைச் சொன்னேன்.

“சாப்பிட்ட பிறகு தூக்கினீங்களா, ஆன்ட்டி?”

“ஓம். மடியில வச்சுக்கொண்டு டிவி பாத்தனான்.”

“நேற்று சத்தி எடுத்த பிறகு?”

“வெறும் வயித்தோட கிடக்குதெண்டு இன்னொரு எலி குடுத்தனான்.”

“எவ்வளவு நேரம் கழிச்சு?”

“பிரீசரால எடுத்து, ஐஸ் இளகின உடன.”



“ரெண்டு கிழமைக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ. தண்ணி மட்டும் வையுங்கோ. வயிறு ஆற வேணும். தூக்கவும் கூடாது.”

“பசிக்காதோ?”

“அது தாங்கும், ஆன்ட்டி. நீங்கள் சும்மா விட்டாலே சரிவரும்.”

பஸ்ஸில் இருந்து மகனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “ஓகே அம்மா, அப்ப தூக்காதேங்கோ. கிளாஸுக்குப் போறன்” என்று வைத்துவிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சோறும் கணவாய்க் கறியும் வைத்துவிட்டேன்.

செவன் கிங்ஸ் பக்கம் இருப்பவர்கள் யாராவது சாப்பிட வாருங்கள். பாம்புக்குப் பயப்பட வேண்டாம், அது கூட்டுக்குள்தான் இருக்கும். ஒன்று மட்டும்: போதும் என்று சொன்னாலும் நான் இன்னொரு கரண்டி போடுவேன்.