முப்பத்தேழு தாளில் ஒரு பதில்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைக்காரம்மா கேள்வித்தாளோடு வந்தார். இது பரீட்சை இல்லை, சரி தவறு என்று எதுவும் கிடையாது என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். கேள்வியை அச்சடித்துக் கீழே கோடும் போட்டுக் கொடுத்துவிட்டு, பரீட்சை இல்லையாம். யார் நம்புவார்கள்?

பணக்கார நாட்டுப் பிள்ளைகளிடமும் ஏழை நாட்டுப் பிள்ளைகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, படிப்பு எங்கே எதை நல்ல குணம் என்று சொல்லிக்கொடுக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. அதற்காக ரேடியோ செய்தி மாதிரித் தமிழ் கற்றுக்கொண்டு மரக்காணம் வரை வந்திருந்தார். ஏழை நாடு என்றால் நாங்கள்தான். எங்களுக்கே அன்றுதான் தெரியும்.

கேள்வித்தாள் முதல் நாளே ஹெட்மாஸ்டர் கைக்கு வந்துவிட்டது. மனுஷர் சும்மா இருப்பாரா? எல்லாக் கேள்விக்கும் பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்தார். நான் அன்றைக்கு அப்பாவோடு உப்பளத்தில் இருந்தேன். உப்பு வாரும் பலகை அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பாத்தியில் விளைந்த உப்பை இழுத்து வரப்பில் குவிக்க வேண்டும். எங்கள் தெருவில் மற்றப் பெண்கள் எல்லாம் ஐந்தாவதோடு நின்று அளத்துக்கு வந்துவிட்டார்கள். என்னையும் நிறுத்த அப்பா நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரம்மா பரிட்சையில பாஸானா படி. இல்லன்னா பேரை வெட்டிட்டு என்கூட வந்துடு" என்றார்.

மறுநாள் தாளைப் பார்த்தேன். ஆசிரியர் சொல்வது தப்பு என்று பட்டால் என்ன செய்வாய்? பெற்றோர் முடிவு பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வாய்? இது எந்தப் பாடத்தில் இருக்கிறது? எட்டிப் பார்த்தால் பக்கத்துப் பெண் கையால் மூடிக்கொண்டாள், சண்டாளி. வேறு வழியில்லாமல் மனதில் பட்டதை எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: ஏன் என்று கேட்பேன்.

வெள்ளைக்காரம்மா அங்கேயே உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார். முப்பத்தேழு தாளில், 'பெரியோர் சொல் தட்ட மாட்டேன்.' முற்றுப்புள்ளி வரை ஒன்றுபோல. "எனக்கு இந்த ஒரு தாள் மட்டுமே பயன்படும்" என்று என்னுடையதை மட்டும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஹெட்மாஸ்டர் சாயங்காலமே டீக்கடையில் அப்பாவைப் பிடித்து, எல்லாரும் ஒரு பதில், உன் பெண் மட்டும் வேறு பதில் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அப்பாவுக்கு என்ன விளக்கம் வேண்டும்?

"பெயிலாமே" என்றபடி வீட்டுக்கு வந்து, கால் வெடிப்பில் எண்ணெய் தடவ உட்கார்ந்தார். நான் அழ ஆரம்பித்தேன்.

"அப்படி என்னதான் எழுதின?"

"அப்பா முடிவு புடிக்கலன்னா ஏன்னு கேப்பேன்னு எழுதினேன்."

"எங்க, கேளு பாப்போம்."

"ஏம்பா என்னைய நிறுத்துற?"

அப்பா எண்ணெய் தடவி முடித்த காலுக்கே மறுபடி தடவினார்.

விடிந்ததும், சுவரில் சாத்தியிருந்த இரண்டு பலகையில் ஒன்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு அளத்துக்குப் போனார். எனக்குச் சந்தோஷத்தில் கஞ்சி இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

"ஊர் மானத்தையே வாங்கிட்டியே" என்று ஹெட்மாஸ்டர் என்னை நாள் முழுக்கப் பெஞ்சுமேல் நிற்கவைத்தார். அவரை ஏன் என்று கேட்கவில்லை; வாரத்துக்கு ஒரு தடவை கேட்டால் போதும். அங்கிருந்து கரும்பலகை நன்றாகவே தெரிந்தது.