மைனரும் ஃபியட்டும் கீழவைப்பார் வரை

ஒரே சாலைக்கு இரண்டு கார்களில் போக ஒரு காரணம் இருந்தது. அப்பாவிடம் இருபது வருடப் பழைய மாரிஸ் மைனர் இருக்கிறது. சித்தப்பா பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்து, போன மாதம்தான் புது ஃபியட் எடுத்தார். மைனரைக் கொடுத்துவிட்டு நாமும் ஃபியட்டுக்குப் பதிவு செய்யலாமா என்று அப்பா கேட்டபோது, இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கீழவைப்பாரில் கட்டிக்கொடுத்த அக்காவைப் பார்த்தும் நாளாகியிருந்தது. எழுபத்தைந்து ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பிற்பகல் மூன்றரைக்குத் தூத்துக்குடியிலிருந்து கிளம்பினோம். மைனரில் நான், ஃபியட்டில் சித்தப்பா.

துறைமுகப் பக்கம் பெட்ரோல் போடும்போது கொடிமரத்தில் புயல் கூண்டு ஏறுவதைப் பார்த்தோம். அக்காவின் கணவர் சூசை அத்தானுக்குச் சொந்த வள்ளம் உண்டு. அவர் கடலில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஏளா பவுலின், இன்னைக்கு ஞாயிறுல்லா? நம்மாளுக கடல்ல எறங்கமாட்டாவ. நிதானமாப் போயிச் சொல்லுவோம்" என்றார் சித்தப்பா. ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பது எங்கள் கரையில் எல்லாரும் அறிந்த வழக்கம். எனக்கும் மனம் அடங்கியது.

குளத்தூர் வரை தார்ச்சாலை, சுமார் முப்பது கிலோமீட்டர். அதனால் சாவகாசமாக ஒப்பிட்டுக்கொண்டே போனோம். பாதி வழியில் நிறுத்திக் காரை மாற்றிக்கொண்டோம். ஃபியட்டில் கியர் ஸ்டியரிங்கின் அடியிலேயே இருக்கிறது. முன்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். எழுபதில் போகும்போதும் உள்ளே பேசுவது கேட்கிறது. மைனரில் ஐம்பதைத் தாண்டினால் கதவு பேசத் தொடங்கும். திரும்பும்போது திசை காட்டப் பக்கவாட்டில் சின்னக் கை ஒன்று நீளும். சில சமயம் அதைக் கையால் தட்டி உள்ளே தள்ள வேண்டும். குளத்தூரில் மறுபடி அவரவர் காருக்குத் திரும்பியபோது என் மனம் ஏறக்குறைய ஃபியட் பக்கம் சாய்ந்திருந்தது.

தேநீர்க் கடையில் மிக்கேல் என்ற மீன் வியாபாரி நின்றார். கீழவைப்பார்க்காரர். கூண்டு ஏறியதை அவரிடம் சொன்னோம்.

"ஐயையோ, எங்கூர்ல ஒருத்தருக்கும் தெரியாதே! பஞ்சாயத்து ரேடியோ ரெண்டு நாளாப் பேசல" என்றார்.

"அதான் ஞாயிறாச்சே" என்றார் சித்தப்பா.

"பொழுது சாய்ற வரைக்குந்தான் அண்ணாச்சி ஞாயிறு. சாஞ்சாத் திங்கக்கெழமை. வள்ளம் பூரா எறங்கிரும். நீங்க டவுன்ல இருந்து இருந்து அத மறந்துட்டிய."

அப்போது மணி ஐந்து. தன் சைக்கிளைக் கடையிலேயே போட்டுவிட்டு மிக்கேல் ஃபியட்டில் ஏறினார். சித்தப்பா கிழக்கே திரும்பிப் பறந்தார். நான் பின்னால்.

உப்பளங்களுக்கு நடுவே ஒரு கார் மட்டும் போகக்கூடிய மண்கரை அது. மழையில் ஊறியிருந்தது. பாதி தூரத்தில் ஃபியட் சறுக்கி, பின்சக்கரம் சேற்றில் இறங்கி, பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. தள்ளிப் பார்த்தோம். சக்கரம் சேற்றை எங்கள் மேல் வாரி இறைத்தது. ஊருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். ஓடினாலும் அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இருபுறமும் உப்புப் பாத்திகளில் தண்ணீர்.

வழி ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வருடம் காத்திருந்தவர் அவர். அந்தக் காருக்குள் செருப்போடு யாரையும் ஏறவிட்டதில்லை.

சித்தப்பா மேற்கே சூரியனைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே கையை விட்டு, ஸ்டியரிங்கை முழுதாகப் பாத்திப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"ஒன் வண்டிய வச்சு இடிளா."

"சித்தப்பா..."

"இடிங்கேன்லா!"

மைனரின் பம்பரை ஃபியட்டின் பின்னால் வைத்து அழுத்தினேன். தகரம் நெளியும் சத்தம் கேட்டது. ஃபியட் மெல்லச் சரிந்து, உப்புத் தண்ணீரில் கதவு மட்டம் வரை இறங்கி நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமல் மிக்கேலோடு என் காரில் ஏறினார்.

கரைக்குப் போனபோது சூரியன் இல்லை. வள்ளங்கள் அலையைத் தாண்டியிருந்தன. அக்கா மணலில் நின்றிருந்தாள். "இப்பந்தாம்ளா போறாவ" என்றாள். ஹாரன் அடித்தேன், எதிர்க்காற்று அதை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

மிக்கேல் மாதா கோயிலுக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் மணி அடிக்கச் சொன்னோம். அவர் தயங்கினார். "சாதா மணி அடிச்சா செபத்துக்குன்னு நெனச்சுப் போயிக்கிட்டே இருப்பாவ. துக்க மணிக்குத்தான் திரும்புவாவ. சாவு இல்லாம அத எப்படி அடிக்கது?"

"அடியும் ஓய்! நாளைக்கு அடிக்கதுக்கு இன்னைக்கே அடியும்" என்றார் சித்தப்பா.

ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, மணி விழத் தொடங்கியது. வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே ஓடிவந்து ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்தார்கள். கடலில் முதலில் ஒரு பாய் திரும்பியது. பிறகு இன்னொன்று. அத்தானின் வள்ளம் கடைசியாகத்தான் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவந்தவர், அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பவுலின், யாருளா போனது?"

"யாரும் போகல அத்தான். கூண்டு ஏறியிருக்கு."

"சண்டாளி, எம் பாதி உசுரு போச்சுளா" என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிரவும் மறுநாளும் அடித்த காற்றில் கரையிலிருந்த ஓலைக் கூரை ஒன்றும் மிஞ்சவில்லை. ஆட்கள் எல்லாரும் கோயிலுக்குள் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அவர்கள் வள்ளம் தூக்கும் கழிகளோடு உப்பளத்துக்கு வந்து, ஃபியட்டுக்கு அடியில் கழி கொடுத்து, தோள் வைத்து, பாட்டுப் பாடித் தூக்கிக் கரையில் வைத்தார்கள்.

"வள்ளத்தவிட லேசுதான் அண்ணாச்சி" என்றான் ஒருவன்.

"மீன் மட்டும் ஏத்திராதிய" என்றார் சித்தப்பா.

இந்த வழியாகப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்ரோலைத் தூத்துக்குடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காரைக் குளத்தூரில் விட்டுவிட்டு மாட்டுவண்டியில் போவது நல்லது. தார்ச்சாலைக்கு ஃபியட் போல வராது. அன்றைக்கு மைனர் முன்னால் போயிருந்தாலும் அதே சேற்றில்தான் நின்றிருக்கும். உப்பு ஏறிய ஃபியட் இன்னும் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. எது வாங்கலாம் என்று அப்பா மறுபடி கேட்டார். எதையும் வாங்குங்கள், மண்பாதையில் நமக்கு முன்னால் போகிறவர் யார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்றைக்கு எனக்கு முன்னால் சித்தப்பா போனார்.