பாலம் தாண்டாத அரிசி

குமாரபாளையத்துப் பாலத்தில் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு கையில் அப்பாவின் அஸ்திக் கலயம், மறு கையில் பிண்டத்துக்கான அரிசி முடிச்சு. அக்கரையில் பவானிக் கூடுதுறை தெரிகிறது.

"அரிசி ஜில்லா தாண்டப்படாது தம்பி," என்கிறார் காவல் நிற்கும் ஏட்டு. "இது சேலம், அது கோயமுத்தூரு."

"ரெண்டு கரையிலயும் ஒரே ஆத்துத் தண்ணிதானுங்க!" என்று கத்துகிறேன்.

ஜப்பான் சண்டை வந்ததும் அப்பா ரங்கூன் அரிசி மில்லிலிருந்து நடந்தே ஊருக்குக் கிளம்பினார். வழியில் மலைக்காரர்கள் எந்த நாடென்று கேட்காமல் சோறு போட்டார்களாம். இங்கே வந்து பசியும் காய்ச்சலுமாகச் செத்துப்போனார்.

பின்னால் நிற்கும் கைலி வியாபாரி பாய்க்கும் கோபம். "நம்ம கைலி ரங்கூனுக்குப் போச்சு, அவங்க அரிசி இங்க வந்துச்சு. ரெண்டு நாட்டுலயும் அடுப்பு எரிஞ்சுது. இப்பப் பக்கத்து ஜில்லாவே அந்நிய தேசமாயிருச்சு. ஏனுங்க ஏட்டையா, சோறாக்கிக் கொண்டு போனா?"

"சோத்துக்குத் தடையில்லீங்க."

இது என்ன சட்டம்? ஆற்றோரம் கல்லைக் கூட்டி, பாய் எங்கோ வாங்கி வந்த சட்டியில் பொங்குகிறேன். வடிக்கும்போது ஏட்டு சொம்போடு இறங்கி வருகிறார்.

"கஞ்சியக் கீழ ஊத்தீராத சாமி. ஊட்டுல புள்ளைங்க பட்டினி."

சொம்பை நிறைக்கிறேன். "அரிசியத் தடுத்து ஆரு வயிறுங்க நெறஞ்சுது?"

அவர் சூட்டுக்குச் சொம்பைத் துண்டால் சுற்றிக்கொள்கிறார். "வெரசாப் போ தம்பி. காவலுக்கு மாத்தாளு வந்தா சோத்தையும் உடமாட்டான்."